எண்ணும் எழுத்தும் எதைப் பற்றி?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் முதல் இரண்டு வகுப்புகளுக்கு நான்கு பாடங்கள்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்றாம் வகுப்பில் சூழ்நிலையியல் மறைந்து அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் இதற்கு நேர்மாறான வழியில் போனது. முதல் இரண்டு வகுப்புகளில் சூழ்நிலையியலுக்குத் தனிப் புத்தகமே தேவையில்லை, மொழியிலும் கணக்கிலும் அது கலந்திருக்கட்டும். மூன்று முதல் ஐந்து வரை அது பிரியாத ஒரே பாடமாக இருக்கட்டும் என்றது. இரு தரப்பிலும் இருந்தவர்கள் கல்வியை அறிந்தவர்கள்தாம். ஐந்து வயது முதல் பத்து வயது வரை ஒரு குழந்தை கற்பதில் எது எந்தப் பாடம் என்பதற்கு இயற்கையான எல்லைக்கோடு ஏதும் இல்லை. இந்த முரண் காட்டுவது அதைத்தான். கோடு போடுவது நம் வசதிக்கு: பாடவேளை பிரிக்க, புத்தகம் அச்சிட, தேர்வு வைக்க. வசதிக்காகப் போட்டது என்பதை மறந்துவிட்டால், கோட்டுக்கு ஒரு பக்கம் இருப்பது அவசியம் என்றும் மறுபக்கம் இருப்பது அலங்காரம் என்றும் தோன்ற ஆரம்பிக்கும். தொடக்கப்பள்ளிகளில் இன்று அதுதான் நடக்கிறது. தண்ணீர், உணவு, ஊர், தொழில், வானிலை, உடம்பு என்று சூழ்நிலையியலுக்குள் வருவதையெல்லாம், மொழியும் கணக்கும் முடிந்த பிறகு நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கிறோம். மொழியும் கணக்கும் முடியாமல் நிற்பதற்கே அந்த ஒதுக்கல் ஒரு காரணம் என்பது என் வாதம்.

ஒதுக்கியவர்களின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்காராத குழந்தைகள் நேரே இரண்டாம் வகுப்புக்குள் வந்தார்கள். விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட அந்த ஆண்டே இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் இயக்கம் வந்தது. 2025க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் அனைவரும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்காக இருந்தது. ஒன்றிய அரசின் நிபுண் பாரத் திட்டமும் 2021 ஜூலையில் ஏறக்குறைய இதே இலக்கோடுதான் வந்தது. புதிய கல்விக் கொள்கையில் மோதிக்கொள்ளும் இரு அரசுகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே திசையில் பார்க்கின்றன என்றால், தேவை அவ்வளவு வெளிப்படையானது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்து, அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கற்பிக்கும் ஏற்பாடும் நியாயமானதே. என் ஐயம் இலக்கின் மேல் அல்ல, அளவுகோலின் மேல். பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் ஆய்வின் கருவியைப் பாருங்கள். வாசிப்புக்கு எழுத்து, சொல், சிறு பத்தி, ஒரு கதை. கணக்குக்கு எண்ணை அடையாளம் காணல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல். ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய, நேர்மையான, எளிய கருவி. நாட்டின் கண்ணைத் திறந்ததும் அதுதான். ஆனால் வெளியிலிருந்து காய்ச்சல் பார்க்க வந்த கருவியைப் பள்ளிக்கூடம் தன் பாடத்திட்டமாகவே எடுத்துக்கொண்டால், கருவி தொடாத எதற்கும் மதிப்பிருக்காது. இதற்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பத் தேவையில்லை. அறிவியல் பாடவேளையில் தமிழ்ப் பயிற்சிநூலை முடிக்கச் சொல்வதில் தொடங்கித் தானாகவே நடந்துவிடும்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2002இல் சட்டமான 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்னும் திட்டம், வாசிப்பிலும் கணக்கிலும் ஆண்டுதோறும் தேர்வு வைத்து, தேறாத பள்ளிகளைத் தண்டித்தது. ஐந்தாண்டு கழித்து ஒரு கல்விக் கொள்கை மையம் மாவட்டங்களைக் கணக்கெடுத்தபோது, 62 சதவீத மாவட்டங்கள் தொடக்கப்பள்ளியில் மொழிக்கும் கணக்குக்கும் நேரத்தைக் கூட்டியிருந்தன. 44 சதவீதம் மற்ற பாடங்களின் நேரத்தை வெட்டியிருந்தன. வெட்டியதற்குத் தக்க பலன் வாசிப்பில் கிடைத்ததா என்பதுதான் கேள்வி. 2020இல் வெளியான இன்னொரு ஆய்வு, பாலர் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆயிரக்கணக்கான அமெரிக்கக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த தேசியத் தரவை எடுத்துப் பார்த்தது. மொழிப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் பெற்ற குழந்தைகளின் வாசிப்பு அதற்கேற்ப உயரவில்லை. நாள்தோறும் சமூக அறிவியலுக்குச் சராசரியாக அரை மணி நேரம் கூடுதலாகப் பெற்றவர்களின் வாசிப்பு உயர்ந்திருந்தது. ஏழை வீட்டுக் குழந்தைகளுக்கும் வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்களுக்கும் அந்தப் பலன் கூடுதல். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் சோதனை அல்ல என்பதை மறைக்கக் கூடாது. சமூக அறிவியலுக்கு நேரம் ஒதுக்கும் பள்ளி வேறு வகைகளிலும் நல்ல பள்ளியாக இருந்திருக்கலாம். இருந்தாலும் வாசிப்பு என்றால் என்ன என்று நமக்குத் தெரிந்ததோடு இந்த முடிவு பொருந்திப்போகிறது.

1986இல் கஃப், டன்மர் என்ற இரு உளவியலாளர்கள் வாசிப்பை இரண்டு திறன்களின் பெருக்குத்தொகை என்றார்கள்: எழுத்துக்கூட்டும் திறன் ஒன்று, மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். தமிழ்க் குழந்தைக்கு முதல் திறனில் ஒரு சலுகை உண்டு. 247 எழுத்து என்று கேட்டால் மலைப்பாக இருந்தாலும், உயிரையும் மெய்யையும் சேர்க்கும் முறை பிடிபட்டுவிட்டால் எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே ஒலிக்கலாம். ஆங்கிலம்போல ஒவ்வொரு சொல்லுக்கும் தனி விதி கிடையாது. அதனாலேயே நமக்கு இன்னொரு ஆபத்தும் வருகிறது. சரளமாக உரக்க வாசிக்கும் குழந்தையைப் பார்த்ததும் வாசிப்பு வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் அந்தச் சரளத்தில் மறைந்துபோகிறது. ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஏழை வீட்டுக் குழந்தைகளின் வாசிப்பு மூன்றாம் வகுப்பு வரை மற்றவர்களோடு சேர்ந்து வந்து, நான்காம் வகுப்பை ஒட்டிச் சரியத் தொடங்குவதைப் பதிவு செய்தார். அதுவரை பக்கத்தில் இருந்தவை குழந்தைக்குத் தெரிந்த சொற்கள். அதற்குப் பிறகு ஆவியாதல், வணிகம், ஊராட்சி, செரிமானம் என்று உலகம் உள்ளே வருகிறது. உலகத்தைப் பற்றி ஏற்கெனவே ஏதாவது தெரிந்த குழந்தைக்குத்தான் அந்தப் பக்கம் திறக்கும். 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பத்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமானவர்கள் என்று தேர்வு சொன்ன, ஆனால் அந்த ஆட்டம் தெரிந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத 'நல்ல வாசகர்களை' விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். வாசிப்பு எங்கும் ஒரேபோல் செல்லும் நாணயம் இல்லை. எதைப் பற்றிய வாசிப்பு என்பது முக்கியம். அப்படியானால் மூன்றாம் வகுப்பின் அறிவியல் வேளையை எடுத்து வாசிப்புக்குக் கொடுப்பது, ஐந்தாம் வகுப்பின் வாசிப்பிலிருந்து திருடுவது.

கணக்குக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது; இங்கே என் தரப்பினர் வழக்கமாகச் சொல்லும் எளிய கதை போதாது. 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து குழந்தைகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்துக்குச் சரியாக விடை சொன்னார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதமாக விழுந்தது. வாழ்க்கையோடு இணைத்தால் கணக்கு தானாக வரும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு இரு பக்கமும் பார்த்தது. சந்தைக் குழந்தைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக் குழந்தைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்றைக் கற்றவருக்கு மற்றது தானாக வந்துவிடவில்லை. வாழ்க்கையும் வகுப்பறையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், குழந்தை தானே இரண்டையும் இணைத்துக்கொள்ளும் என்பது வயதுவந்தவர்களின் சோம்பேறித்தனமான நம்பிக்கை. இணைப்பு ஒரு வேலை. அதைக் குழந்தையின் கண்முன்னால், அதன் கையாலேயே செய்ய வைக்க ஒருவர் வேண்டும். அதற்கென ஒரு நேரமும் வேண்டும்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு உப்பை எடுத்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்புக்கு ஏற்ற பொருள். எந்த வீட்டிலும் இருப்பது. கடல்நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் சுமார் 35 கிராம். ஒரு கிலோ உப்புக்கு எவ்வளவு கடல்நீர் வேண்டும்? ஆயிரத்தை 35ஆல் வகுத்தால் 28 வந்து மீதி 20 நிற்கும்; அந்த மீதியை என்ன செய்வது, 28 லிட்டர் போதுமா, 29 வேண்டுமா என்ற இடத்தில்தான் வகுத்தல் என்பதற்குப் பொருள் கிடைக்கிறது. தட்டில் ஊற்றிய உப்புநீரை வெயிலில் வைத்தால் எது போகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பது அறிவியல். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது தமிழ்நாட்டில்; தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் என்று வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் எல்லாமே வெயில் நீளும் தட்டையான கடற்கரைகள். வடகிழக்குப் பருவமழை வந்ததும் உப்பளத்தில் வேலை நின்றுபோவது ஏன் என்று கேட்டால் ஆவியாதல் பாடமும் பருவகாலப் பாடமும் ஒன்றாகின்றன. வேலை நிற்கும் அந்த மாதங்களில் உப்பு வாரும் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டால் அது சமூக அறிவியல். இவ்வளவு எளிதில் கிடைக்கும் பொருளுக்கு ஓர் அரசு வரி போட்டதும், அதை மீற 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஒரு கூட்டம் நடந்து போனதும் வரலாறு. இவ்வளவையும் பற்றிப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னால் அது தமிழ். இங்கே பாடங்கள் கரைந்துவிடவில்லை. வகுத்தல் வகுத்தலாகவே இருக்கிறது, அதன் விதியைத் தனியாகப் பழகியே தீர வேண்டும். பழகியதற்கு ஒரு வேலை கிடைக்கிறது, அவ்வளவுதான். தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்த ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடம் மீனைப் பற்றியது: படகுகளின் வேகம், பிடிபடும் மீனின் எடை, பெண்கள் சேர்ந்து வாங்கும் கடன். பாடநூல் எழுதுவோருக்கு இது தெரியாத வித்தை இல்லை.

வேதாரண்யத்துக்கு அந்தக் கூட்டத்தை அழைத்துப்போன ராஜாஜியின் பெயரோடுதான் இந்த வாதத்துக்கான மிகக் கடுமையான மறுப்பும் வருகிறது. 1953இல் சென்னை மாநிலக் கிராமப் பள்ளிகளில் அவர் கொண்டுவந்த திட்டத்தில் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மீதி நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலையோ உள்ளூர்க் கைத்தொழிலையோ கற்க வேண்டும். குலக்கல்வி என்று பெரியார் இயக்கமும் தி.மு.க.வும் எதிர்த்தன, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் 1954இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 'வாழ்க்கையோடு இணைந்த கல்வி' என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டில் ஒரு புருவம் உயர்வது இந்த நினைவால்தான்; அது உயரவும் வேண்டும். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் பிறந்த ஆதாரக் கல்விக்கும் இந்த ஐயம் பொருந்தும். கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதோடு இணைக்கச் சொன்ன ஜாகிர் உசேன் குழுவில் ஜே.சி. குமரப்பாவும் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தார்கள். சிந்தனையில் ஆழமும் இருந்தது. ஆனால் எந்தக் குழந்தையின் கையில் தக்கிளி, எந்தக் குழந்தையின் கையில் புத்தகம் என்ற கேள்வியிலிருந்து அது தப்பவில்லை. இன்னும் பின்னால் போனால், திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியோடு நெல்லிலக்கமும் பொன்னிலக்கமும் மனப்பாடமாயின. கணக்கு அங்கே நெல்லோடும் பொன்னோடும் நிலத்தோடும் இறுகக் கட்டப்பட்டிருந்தது. பாடங்களை இணைப்பதில் நவீனப் பள்ளி அதன் அருகில் நிற்க முடியாது. அந்தத் திண்ணையில் ஏற யாருக்கு இடமிருந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

ஆகவே இணைப்பதா கூடாதா என்று மட்டும் கேட்டால் போதாது. எதோடு இணைக்கிறோம், அங்கிருந்து எந்தப் பக்கம் போகிறோம் என்றும் கேட்டாக வேண்டும். 1953 திட்டம் குழந்தையின் சூழலைக் குழந்தைக்கு விதியாக்கியது. நல்ல சூழ்நிலையியல் பாடம் அதே சூழலைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. முன்னர் சொன்ன தேசியப் பாடநூல் வரிசையில், ஐந்தாம் வகுப்புச் சூழ்நிலையியல் புத்தகத்தில், துப்புரவு வேலையை யார் செய்கிறார்கள், ஏன் அவர்களே செய்ய வேண்டியிருக்கிறது என்று குழந்தைகளைக் கேட்க வைத்த ஒரு பாடம் இருந்தது. குலக்கல்விக்கு அதைவிட நேரடியான பதில் வேறு இருக்க முடியாது. உப்பளத் தொழிலாளியின் மகள் பள்ளியில் உப்பைப் பற்றிப் படிப்பது உப்பு வாருவதற்காக அல்ல. அந்தத் தொழிலின் கூலி, கண்ணை உறுத்தும் வெயில், நின்றுபோகும் மாதங்கள் இவையெல்லாம் ஆராயத்தக்கவை, மாற்றத்தக்கவை என்று அறிவதற்காக. உப்பளத்தையே பார்த்திராத சென்னைக் குழந்தையும் அதைப் படிக்க வேண்டும் என்பது இதில் சரிபாதி. தன் ஊரை மட்டும் படிப்பது சுருங்குவதில்தான் முடியும். சூழ்நிலையியலை அவ்வக் குழந்தையின் அக்கம்பக்கத்தோடு நிறுத்திவிடும் பாடநூல்கள் இந்த இடத்தில் கோட்டைவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு வகுப்பறையிலிருந்து வருவது. ஒரு வரியை வாசிக்க முடியாத குழந்தைக்கு உப்பும் ஆறும் எதற்கு, முதலில் எழுத்து வரட்டும் என்பார்கள். எழுத்தை முறையாக, வரிசையாக, நாள் தவறாமல் கற்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. உலகத்தைக் காட்டினால் எழுத்து தானே வந்துவிடும் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. ஆனால் எழுத்து வரும்வரை உலகம் காத்திருக்கத் தேவையில்லை. ஆறு வயதுக் குழந்தை கேட்டுப் புரிந்துகொள்வது, அது வாசித்துப் புரிந்துகொள்வதைவிடப் பல மடங்கு. ஆசிரியர் வாசித்துக் காட்டலாம், பேச வைக்கலாம், செய்து பார்க்க வைக்கலாம். எழுத்துக்கூட்டும் பயிற்சி ஒரு தடத்திலும் அறிவும் சொற்களும் இன்னொரு தடத்திலும் ஒரே நேரத்தில் போகலாம். மூன்றாம் வகுப்பை ஒட்டி இரண்டும் சேரும். முதல் தடத்தை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குவோம் என்றால், சேர வேண்டிய இடத்தில் சேர்வதற்கு ஏதும் இருக்காது. இந்த வரிசைமுறையால் அடிபடுவது எந்த வீட்டுக் குழந்தை என்றும் யோசிக்க வேண்டும். புத்தகமும் பயணமும் இரவுச் சாப்பாட்டுப் பேச்சும் உள்ள வீட்டில் இரண்டாவது தடம் பள்ளிக்கு வெளியே ஓடிக்கொண்டேயிருக்கும். அது இல்லாத வீட்டுக் குழந்தைக்குப் பள்ளி மட்டுமே வழி.

மூன்றாவதாக, ஆசிரியரிடம் ஏற்கெனவே உள்ள சுமை. இது உண்மை, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவும் செயலியில் மதிப்பீடும் விழுங்கும் நேரம் போக மிஞ்சுவதில்தான் பாடம் நடக்கிறது. ஒரு பழைய முயற்சி இங்கே பாடமாகும். ஆந்திராவின் ரிஷி வேலியில் உருவான முறையை ஒட்டி 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. பாய், தாழ்வான கரும்பலகை, அட்டைகள், சின்னங்கள், ஏணிப்படி. வகுப்புகளுக்கு நடுவே இருந்த சுவரை அது துணிந்து உடைத்தது. வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே பாயில் அவரவர் வேகத்தில் படித்தார்கள். பாடங்களுக்கு நடுவே இருந்த சுவரை அது தொடவே இல்லை. தமிழுக்கு ஓர் ஏணி, கணக்குக்கு ஓர் ஏணி, சூழ்நிலையியலுக்கு ஓர் ஏணி என்று தனித்தனியாக ஏறச் சொன்னது. என் பார்வையில் அதுதான் அதன் பெரிய குறை. சத்தம் என்றும் ஒழுங்கின்மை என்றும் பெற்றோர் சொன்ன குறைகளைவிடப் பெரியது. இன்னொன்றையும் கவனிக்கலாம். பாட வாரியாக ஆசிரியர்கள் உள்ள உயர்நிலைப் பள்ளியில் பாடங்களை இணைப்பது கடினம். ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் தமிழும் கணக்கும் அறிவியலும் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. நாம் குறையாக மட்டுமே பேசும் அந்த நிலையில், இணைப்பதற்கான வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. அதற்காக ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று அரசு எடுத்துக்கொள்ளக் கூடாது, போதாது. ஆனால் இருப்பவரிடம் ஐந்து பயிற்சிநூல்களைத் தனித்தனியாக முடிக்கச் சொல்வதைவிட, ஒரு பருவத்துக்கு இரண்டு பொருள்களை எடுத்து எல்லாப் பாடங்களையும் அவற்றின் வழியே கொண்டுபோகச் சொல்வது சுமையைக் கூட்டாது.

கடைசியில் எல்லாம் மதிப்பீட்டில் வந்து நிற்கிறது. எது அளக்கப்படுகிறதோ அதுவே கற்பிக்கப்படும் என்பதை மாற்ற முடியாதென்றால், அளப்பதை மாற்றலாம். மூன்றாம் வகுப்பின் வாசிப்பு மதிப்பீட்டில் யாருக்கும் தெரியாத, யாருக்கும் வேண்டாத ஒரு நரிக்கதைக்குப் பதிலாக, அந்தப் பருவத்தில் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் நடத்திய பொருளைப் பற்றிய பத்தியைக் கொடுக்கலாம். எத்தனை சொல்லைப் பிழையின்றி வாசித்தது என்று எண்ணிய பிறகு, அது ஏன் அப்படி நடக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். கணக்கு மதிப்பீட்டில் மீதி வரும் வகுத்தல் ஒன்றாவது இருக்கட்டும். மீதியை என்ன செய்வது என்று குழந்தை சொல்லட்டும். அப்படி மாற்றினால் அறிவியல் வேளையைத் தமிழுக்குக் கடன் கொடுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் மனம் வராது. இதற்குப் புதிய இயக்கமோ புதிய பெயரோ தேவையில்லை. பயிற்சிநூல்களும் வாசிப்பு அட்டைகளும் எப்படியும் அச்சாகத்தான் போகின்றன. அடுத்த அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பாடநூல் குழு ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.